மச்சான் அக்குளில் பத்து விரல்

நானும் என் மச்சான் நார்பர்ட்டும் இரண்டு வருடமாக எதிரெதிர் மரத்தில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தோம். நடுவில் ஒரு கம்பி வேலி. வேலிக்கு இந்தப் பக்கம் என் மனைவி லோயிஸுக்கு அவள் அப்பா எழுதிவைத்த காடு. அந்தப் பக்கம் அவள் அண்ணன் நார்பர்ட்டுக்கு எழுதிவைத்த காடு. அமெரிக்காவில் எங்கள் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒருவன் அடுத்தவன் லாரியை இடித்துவிட்டுப் போனால்கூட மன்னித்துவிடுவார்கள். மான் வேட்டைக்கு அடுத்தவன் மரத்தில் கட்டிய பரண் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் தன் பரணைப் போட்டால் மன்னிக்க மாட்டார்கள். நார்பர்ட் போட்டான்.

நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு ஊரே கூடியிருந்த மதுக்கடையில், "எங்க மச்சானுக்கு அவன் காட்டு மான் ருசிக்காது, எங்க காட்டு மான்தான் வேணும்" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். அவன் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விட்டான். அதிலிருந்து பேச்சு இல்லை. சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தவறில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஊரில் முடிவெட்டும் கடை என்னுடையது ஒன்றுதான் என்பதால் அவன் மனைவி சமையலறையில் வைத்து அவனுக்கு முடி வெட்டிவிடுகிறாள். அவன் தலையைப் பார்த்தாலே அது தெரியும்.

டிசம்பர் வந்துவிட்டால் துப்பாக்கி வேட்டைக்கு அனுமதித்த நாட்கள் முடிந்து, துப்பாக்கிக்காரர்கள் எல்லாம் வீட்டுக்குப் போய்விடுவார்கள். காடு வில்லுக்காரர்களுக்கு. குளிர் மட்டும் யாருக்கும் இரக்கம் காட்டாது. போன குளிர்காலத்தில் என் வலது கை விரல் நுனிகளைப் பனி கடித்துவிட்டது. "இன்னொரு தடவை இப்படி வந்து உக்காந்தீங்கன்னா நுனியை எடுக்க வேண்டி வரும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். முடிவெட்டுகிறவனுக்கு விரல் போனால் என்ன மிச்சம் இருக்கிறது? கத்தரிக்கோலைப் பல்லிலா பிடிப்பேன்?

"மான் கிடைக்கலன்னா கடையில மாட்டுக்கறி இருக்கு, ஆர்லன். விரல் எந்தக் கடையில இருக்கு?" என்று லோயிஸ் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அதனால் அன்று காலை கைக்கு நான் செய்த உபசாரத்தைக் கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட யாரும் செய்திருக்க மாட்டார்கள். நடக்கும்போது வேர்த்தால் அந்த ஈரமே பிறகு ஆளைக் கொல்லும் என்று, கனமான கோட்டை முதுகில் கட்டிக்கொண்டு, சட்டையோடு ஆமை வேகத்தில் நடந்தேன். மரத்தடிக்குப் போனபிறகுதான் கோட்டைப் போட்டேன். உள்ளே மெல்லிய கையுறை. இரண்டு பக்கமும் கை நுழைக்கிற கம்பளிப் பை இடுப்பில். பைக்குள் கனத்த கையுறையும், பிரித்தால் சூடாகும் பொட்டலங்களும். ஏணியில் ஏறி, பாதுகாப்பு பெல்ட்டின் கொக்கியை மரத்தில் மாட்டி, கயிறு கட்டி வில்லை மேலே இழுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கை இரண்டும் பைக்குள் அடுப்படிப் பூனையாகச் சுருண்டுகொண்டது.

எல்லாவற்றையும் யோசித்தவன் வில்லின் கைப்பிடியை யோசிக்கவில்லை. அது அலுமினியம். அதற்குத் துணி சுற்ற வேண்டும் என்று பள்ளிக்கூடப் பையனுக்குக்கூடத் தெரியும்.

சூரியன் மரத்துக்கு மேல் வந்த நேரம் பெட்டை மான்கள் வரிசையாக வந்தன. கடைசியில், புதருக்குள் பாதி மறைந்து, கொம்பன். இரண்டு வருடமாக நானும் நார்பர்ட்டும் எவன் காட்டு மான் என்று மனத்துக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்த அதே கொம்பன். பையிலிருந்து கையை எடுத்து, மெல்லிய கையுறையோடு வில்லைப் பிடித்தேன். அந்த நேரம் பார்த்து முன்னால் நின்ற கிழட்டுப் பெட்டை தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது.

பார்த்தது, பார்த்துக்கொண்டே இருந்தது. வட்டிக்காரன் கூட அப்படிப் பார்க்க மாட்டான். நான் அசைந்தால் அது சீறும், அது சீறினால் காடே காலியாகிவிடும். ஒரு கையில் அலுமினியம், இன்னொரு கை, நாணைப் பிடித்து விடுகிற விசையை நாணில் மாட்டியபடி. முதலில் விரல்கள் வலித்தன. பிறகு எரிந்தன. பிறகு ஒன்றுமே இல்லை.

கடைசியில் கிழவி தலையைக் குனிந்து மேய ஆரம்பித்தாள். கொம்பன் வெளியே வந்து, படம் எடுக்க நிற்பவன் மாதிரி பக்கவாட்டில் நின்றது. முதுகுப் பலத்தால் நாணை இழுத்துவிட்டேன். ஆனால் விசையைத் தட்ட வேண்டிய விரல் விசையில் இருக்கிறதா, காற்றில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. விரல் எங்கே என்று தெரியாதவன் அம்பு விடக்கூடாது. தொடையில் பட்டு எங்காவது போய் நாள்கணக்கில் சாகும். நாணை மெதுவாகத் திருப்பி விட்டேன். கிழவி சீறினாள். எல்லாம் ஓடிவிட்டன.

மானை விடு, கை முக்கியம் என்று அவசரமாக இடுப்புப் பைக்குள் கையைத் திணித்தேன். திணித்தது கை இல்லை, இரண்டு மரக்கட்டை. கட்டை பட்டுப் பையின் இடுப்புப் பட்டை கழன்றது. பை, பொட்டலம், கனத்த கையுறை எல்லாம் கீழே பனியில் போய் விழுந்தன.

இறங்கலாம் என்று பார்த்தால் பாதுகாப்புக் கொக்கியை அழுத்தித் திறக்க விரல் மடங்கவில்லை. போன் மார்புப் பைக்குள், மேலே மூன்று ஜிப். ஜிப்பைப் பல்லால் கடித்தேன். உதடு உலோகத்தில் ஒட்டிக்கொண்டது. தோலோடு பிய்த்து எடுத்தேன். கையைக் கோட்டுக்குள் விடவும் அதே ஜிப்பைத்தான் திறக்க வேண்டும். லோயிஸ் பக்கத்து ஊருக்கு வேலைக்குப் போயிருந்தாள், மாலையில்தான் வருவாள். அதுவரை இருந்தால் விரல் இருக்காது, ஒருவேளை நானும் இருக்க மாட்டேன்.

மிச்சம் ஒரே வழி. கையை வட்டமாகச் சுழற்றினால் இரத்தம் நுனிக்கு ஓடும். எழுந்து நின்று, பெல்ட் என்னைத் தாங்கும் தைரியத்தில், இரண்டு கையையும் காற்றாலை மாதிரி சுற்றினேன். பரணில் இருப்பவன் கண்ணிமைகூட அடிக்கக் கூடாது என்று வளர்ந்தவன் நான். அன்று பேய் பிடித்தவன் போலச் சுற்றினேன்.

அப்போதுதான் எதிர் மரத்தைப் பார்த்தேன். அன்று அவன் வந்திருப்பதே எனக்குத் தெரியாது. நார்பர்ட் வில்லை முழுதாக இழுத்தபடி நின்றுகொண்டிருந்தான். என்னிடமிருந்து ஓடிய கொம்பன் சுற்றிக்கொண்டு அவனுக்கு நேர் கீழே வந்து நின்றிருந்தது. என் கை சுற்றுவதை அது பார்த்தது. வாலைத் தூக்கிக்கொண்டு போயே போய்விட்டது.

நார்பர்ட் வில்லைத் தொங்கவிட்டு இறங்கினான். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக வேலியைத் தாண்டினான். என் மரத்தடியில் வந்து நின்று, இத்தனை கோபத்திலும் காட்டுப் பழக்கம் விடாமல், கிசுகிசுக் குரலில் திட்டினான்.

"ஏன்டா, பறவையாடா நீ? என் காலுக்குக் கீழ நிக்குது. நீ அங்க ரெக்கை அடிக்கிற."

"மானை விரட்டல."

"பின்ன? என்னைப் பார்த்து டாட்டா காட்டினியா?"

"நான் சொல்றதக் கேளு."

"மதுக்கடையில சொன்னதே ரெண்டு வருஷத்துக்குப் போதும். உனக்குக் கிடைக்கலன்னா எனக்கும் கிடைக்கக் கூடாது, அவ்வளவுதான? சின்னப் புத்தி. என் தங்கச்சி உன்னை எப்படித்தான் சகிச்சுக்கறாளோ."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான். எனக்கு வந்த கோபத்தில், அது எங்கள் காட்டு மான்தான் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிலையிலும் எனக்கு அதுதான் முதலில் வந்தது. அதற்குள் என் கை கண்ணில் பட்டது. மெல்லிய கையுறை கிழிந்த இடத்தில் விரல் மெழுகுவத்தி நிறத்தில் இருந்தது. அவன் வேலிக்கம்பியில் கால் வைத்துவிட்டான்.

"மச்சான்," என்றேன். "எனக்கு விரல் தெரியல."

அவன் கால் கம்பியிலேயே நின்றது.

"எந்தக் கை?"

"ரெண்டும். கொக்கி திறக்க முடியல. இறங்க முடியல."

லோயிஸ் இரண்டு பக்கமும் பேசுகிறவள். டாக்டர் சொன்னதை அவனிடமும் சொல்லியிருப்பாள் போலிருக்கிறது, அவன் வேறெதுவும் கேட்கவில்லை. அறுபது வயது, அந்த வயிறு, அந்தப் பூட்ஸ், அணில் மாதிரி ஏணியில் ஏறினான். நல்லவேளையாக அது இருவர் உட்காரும் பரண். தன் பெல்ட்டை மரத்தில் மாட்டிவிட்டுத்தான் என் கையைத் தொட்டான்.

"தேய்ச்சு விடு மச்சான்."

"தேய்ச்சா தோலு உரிஞ்சு வந்துரும். சும்மா இரு."

பல்லால் தன் கையுறையைக் கழற்றினான். கோட்டைத் திறந்தான், கம்பளிச் சட்டை, அதற்குள் இன்னொரு சட்டை, அதற்குள் உள்சட்டை. வெங்காயம் உரிப்பது போல உரித்து, கடைசியில் வெள்ளை வயிறு வந்தது. என் கையுறைகளை உருவிவிட்டு, இரண்டு கையையும் பிடித்து இழுத்துத் தன் இரண்டு அக்குளிலும் வைத்து இறுக்கிக்கொண்டான். அவன் உடம்பு முழுக்கத் தூக்கிப் போட்டது.

"ஐயோ, கைய வச்சியா ஐஸ்கட்டிய வச்சியா?"

"எனக்குத் தெரியலயே, நீதான் சொல்லணும்."

"வாயி மட்டும் உறைய மாட்டேங்குது உனக்கு."

இப்படியாக, ஊரறிந்த இரண்டு எதிரிகள் பரண்மேல் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். என் மூக்கு அவன் கழுத்தில். அவன் மூச்சில் காலையில் தின்ற கல்லீரல் சாசேஜ் வாசனை. அவன் காதோரத்து முடி ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை.

"உன் தலையப் பார்த்தா எலி கடிச்ச மாதிரி இருக்கு மச்சான்."

"அக்குள்ள இருக்கற கைய வெளிய எடுத்துருவேன்."

"எடுத்துராத."

"அப்ப பேசாத."

பயமாக இருந்தது. எவ்வளவு நேரம் ஆகியும் விரலில் ஒன்றும் வரவில்லை. போய்விட்டது, கடையை மூட வேண்டியதுதான் என்று நினைத்தேன். அவனுக்கும் பயம் வந்திருக்க வேண்டும், இன்னும் இறுக்கினான்.

"லோயிஸ்கிட்ட சொல்லாத," என்றேன்.

"சொல்லாம? ஊருக்கே சொல்லுவேன். மீன் வறுவல் அன்னிக்கு எழுந்து நின்னு சொல்லுவேன்."

அப்போது வலது கட்டைவிரலில் ஊசி இறங்கியது. பிறகு பத்து ஊசி, நூறு ஊசி. வெந்நீரில் முக்கியது போல வலித்தது. நான் அவன் தோளில் முகத்தைப் புதைத்து அழுதேன். வலியில் பாதி, சந்தோஷத்தில் பாதி.

"வலிக்குதா?"

"உயிர் போகுது."

"அப்பாடா," என்றான் நார்பர்ட். அவன் நெஞ்சு இறங்குவது எனக்குத் தெரிந்தது. "நல்லா வலிக்கட்டும், மாப்ளே. அழு. பரவாயில்ல."

கையை வெளியே எடுத்து, ஒவ்வொரு விரலாகப் பிடித்து மெல்ல அழுத்தினான். இது? வலிக்குது. இது? வலிக்குது. நுனிகள் சிவந்திருந்தன. இடது சுண்டுவிரலில் மட்டும் பதில் இல்லை. அவன் அதைத் தன் வாய்க்குள் வைத்துக்கொண்டான். வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தான், மருந்து குடிக்கிறவன் முகம் அவனுக்கு. சிரிக்கலாமா கூடாதா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சுருக்கென்றது.

"வலிக்குது மச்சான். அதுவும் வலிக்குது."

விரலை வெளியே துப்பினான். "கைய கழுவவே மாட்டியா நீ?"

தன் கையுறையை எனக்கு மாட்டிவிட்டு, என் கொக்கியை அவனே திறந்தான். அவன் முதலில் இறங்கி, என் பூட்ஸை ஒவ்வொரு படியிலும் பிடித்து வைத்தான். நேராக டாக்டரிடம் போகிறோம், அவன் லாரியில்தான் போகிறோம், நான் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

கீழே வந்தபோது இரண்டு பேரும் நின்றுவிட்டோம். பனியில் நார்பர்ட் ஏறிவந்த பூட்ஸ் தடம். அந்தத் தடத்துக்கு மேலேயே, ஏணிக்காலை உரசிக்கொண்டு, புத்தம்புதிதாகக் குளம்புத் தடம். நாங்கள் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் கொம்பன் எங்களுக்கு நேர் கீழே நடந்து போயிருக்கிறது. கீழே விழுந்த என் இடுப்புப் பையை வேறு மோந்து பார்த்திருக்கிறது.

நான் குனிந்து, தடம் எவ்வளவு பெரிது என்று பார்க்கக் கையுறையை உருவி விரலை நீட்டினேன்.

"அது எங்கயும் போகாது," என்று நார்பர்ட் என் மணிக்கட்டைப் பிடித்தான். தடத்தை அவன் ஒரு தடவைகூட நன்றாகப் பார்க்கவில்லை. அப்போதுதான் பொத்தான் போட்டு முடித்த தன் கோட்டை மறுபடி அவிழ்த்துச் சட்டையைத் தூக்கினான். "கைய எதுக்குடா வெளிய எடுத்த? உள்ள வை."