அறுபத்தைந்தாவது எழுத்து

தானே எழுதிய புரோகிராம், தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே, அதுவும் ஒரு வெளியாள் பார்த்துக்கொண்டிருக்கும்போது கொம்பைல் ஆகமாட்டேன், கணினியின் பாஷைக்கு மாறமாட்டேன் என்று அடம்பிடித்தால் மனிதனுக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்? திரை நிறையச் சிவப்பு வரிகள். அடியில் முப்பத்தேழு பிழைகள் என்று ஓர் அறிவிப்பு. ஸ்ரனிஸ்லாஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் உடுத்திருந்த சாரத்தில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். முப்பத்தேழு முப்பத்தேழாகத்தான் இருந்தது.

"ஃபோல்டரைப் பாருங்கோ அண்ணா," என்றாள் பக்கத்துக் கதிரையில் இருந்த யதுஷா. "உங்கட பழைய கொம்பியூட்டரின்ர ஃபோல்டர் பேரை அப்பிடியே உள்ளுக்கு எழுதி வச்சிருக்கிறீங்கள். அந்தக் கொம்பியூட்டர் இப்ப எங்க?"

"அது செத்து ஒன்பது வருசம்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாளா, கோபத்தை அடக்குகிறாளா என்று அவருக்கு விளங்கவில்லை.

யதுஷா வெள்ளவத்தையில் ஒரு தனியார் கல்லூரியில் விரிவுரையாளர். மேல்படிப்புக்கான ஆய்வு ஒன்றைச் செய்துகொண்டிருந்தாள். அதற்கு யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று இணையத்தில் திறந்து வைக்கப்பட்டிருக்கும் சின்னப் புரோகிராம்கள் பன்னிரண்டு தேவை. பதினொன்றைக் கொம்பைல் பண்ணிவிட்டாள். பன்னிரண்டாவது, ஸ்ரனிஸ்லாஸ் பதினான்கு வருடத்துக்கு முதல் எழுதிப் போட்டது. பழைய எழுத்துருக்களில் அடித்த தமிழை யுனிகோடுக்கு மாற்றுகிற புரோகிராம். பட்டியலில் தமிழோடு சம்பந்தப்பட்டது அது ஒன்றுதான் என்பதால் அதை விடக்கூடாது என்று அவளுடைய பேராசிரியர் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் எல்லாம் முடிய வேண்டும். மூன்று கிழமையில், வாரத்துக்கு மூன்றாக, ஒன்பது மின்னஞ்சல் அனுப்பினாள். எட்டுக்கு அவர் ஒற்றை வரியில் பதில் போட்டார். ஒன்பதாவதில் "சனிக்கிழமை வரட்டோ?" என்று இருந்தது. அதற்கு என்ன சாட்டுச் சொல்லலாம் என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் அவள் மட்டக்குளி பஸ்ஸில் ஏறிக் கொட்டாஞ்சேனையில் வந்து இறங்கிவிட்டாள்.

"கொம்பைல் ஆனால் பிறகு என்ன செய்வியள்?" என்று கேட்டார்.

"எங்கட டூலுக்குக் குடுப்பம். நாங்கள் ஒரு புரோகிராமைச் சோதிக்கேக்க ஒரு பேரைக் குடுத்துப் பாப்பம், என்ன? இது பேரே குடுக்காது. 'ஏதோ ஒரு எழுத்து' எண்டு மட்டும் வச்சுக்கொண்டு, வழி இரண்டாப் பிரியிற இடத்தில எல்லாம் இரண்டிலயும் போகும். எங்கயாவது பிழை மாட்டினால், அந்தப் பிழைக்குக் கொண்டுபோற எழுத்துகளை எழுதிக் கையில தரும். ஆனா வழமையாக் கொம்பைல் பண்ணினால் இதுக்கு வாசிக்கத் தெரியாது. மெஷின் பாஷைக்கு முதல் நடுவில ஒரு பாஷை இருக்கு. அதிலதான் வேணும். அதுக்குத்தான் வேற கொம்பைலர், இவ்வளவு கரைச்சலும்."

"அப்ப என்ர பிழையைப் பிடிக்கிறதுக்கு நானே உங்களுக்கு உதவ வேணும்."

யதுஷா சிரித்தாள். ஸ்ரனிஸ்லாஸ் சிரிக்கவில்லை.

ஃபோல்டரைத் திருத்தியதும் முப்பத்தேழு பன்னிரண்டாகியது. பன்னிரண்டும் ஒரே காரணம்: புரோகிராம் உதவிக்குக் கூப்பிடுகிற, வேறு ஆட்கள் எழுதிய ஒரு லைப்ரரியை அதன் சொந்தக்காரர்கள் எப்போதோ கைவிட்டுவிட்டார்கள். அதன் பழைய பிரதி ஜெர்மனியில் யாரோ ஒருவரின் பக்கத்தில் கிடந்தது. அதை இறக்கினால், அதையும் நடுப்பாஷையில் கொம்பைல் பண்ண வேண்டும் என்றாள். பண்ணினால், அது இன்னொரு லைப்ரரியைக் கேட்டது. துறைமுகத்துக் கண்டெய்னர் லொறி ஒன்று வீதியால் போக, யன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடியது. அவருக்கு மண்டைக்குள்ளும் அப்படித்தான் இருந்தது. பதினொன்றரைக்கு லைப்ரரிகள் இரண்டும் ஒருவாறு சரிவந்தன. அவர் மூச்சு விடுவதற்குள் புதிதாக ஒரே ஒரு பிழை.

"பங்ஷனுக்குள்ள இன்னொரு பங்ஷன் எழுதியிருக்கிறீங்கள்," என்றாள் யதுஷா, ஒரு கட்டளைத் தொகுப்புக்குள் செருகியிருந்த இன்னொன்றைக் காட்டி. இந்தமுறை குரலில் சலிப்பு மறையவில்லை. "பழைய கொம்பைலர் இதைப் பொறுத்துக்கொண்டது. இது விடாது. ஏன் அண்ணா இப்பிடிச் செய்தனீங்கள்?"

"அண்டைக்கு வடிவா இருந்தது."

ஒவ்வொரு தடவை சிவப்பு வரி வரும்போதும் அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. வெட்கம் யாருக்கும் விளங்கும். நிம்மதிக்குக் காரணம் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

ஸ்ரனிஸ்லாஸ், நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைப் பகுதியில் பொன்னம்பலம் என்ற சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் கந்தோரில் கணினி வேலைக்கு இருப்பவர். ஏழு வருடத்துக்கு முதல் அங்கே மிதுனா என்றொரு பிள்ளை தட்டச்சு செய்தாள். பழைய எழுத்துருவில் அவள் விரல் பறக்கும். அவள் அடிப்பதை ஸ்ரனிஸ்லாஸின் புரோகிராம் யுனிகோடுக்கு மாற்றும். ஒருநாள் ஒரு காணி உறுதிப் பத்திரத்தில் சிவக்கொழுந்து என்ற பெயர் சிவக்கெழுந்து என்று போய்விட்டது. கொ என்ற எழுத்துக்கு முன்னால் ஒரு கொம்பு, பின்னால் காலாக ஓர் அரவு. அந்த ஒரு அரவு காணாமற்போனதுக்கு அந்தப் பெயருக்குரிய வயதான மனிசி மூன்று தவணை கோட்டுக்கு அலைந்தார். பொன்னம்பலம் எல்லார் முன்னாலும் மிதுனாவை ஏசினார். அவள் தான் சரியாகத்தான் அடித்தேன் என்று அழுதாள். மாதம் முடிய வேலையை விட்டுப் போனாள்.

அவளை ஏசிய அன்று பின்னேரமே ஸ்ரனிஸ்லாஸ் மேசை லாச்சியைத் திறந்து, மாற்றுவதற்கு முன் அவள் எடுத்து வைத்த ஒப்புநோக்குத் தாளைப் பார்த்தார். பெயர் சரியாக இருந்தது. கொம்பும் இருந்தது, அரவும் இருந்தது. பிறகு அந்தப் பெயரை மட்டும் தன் கையால் அடித்து நூறு தடவை மாற்றிப் பார்த்தார். நூறு தடவையும் சிவக்கொழுந்து என்றே வந்தது. எங்கே பிழை என்று காட்ட முடியாமல், பிழை என்னுடையது என்று எப்படிச் சொல்வது? அப்படித்தான் அப்போது தனக்குச் சொல்லிக்கொண்டார். மிதுனா இப்போது ஜம்பட்டா வீதியில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் இருக்கிறாள். ஏழு வருடமாக அவர் அந்த வீதியின் மற்றப் பக்கத்தால்தான் நடக்கிறார்.

உள்ளே இருந்த பங்ஷனை யதுஷா வெட்டி வெளியே எடுத்து வைத்தாள். பன்னிரண்டே காலுக்குக் கொம்பைல் ஆனது. சிவப்பே இல்லை. தன்னையறியாமல் அவருக்கு முகம் மலர்ந்தது. அடுத்த நிமிடமே, அவள் டூலை ஓடவிட, திரையைப் பார்க்கமாட்டாமல் எழுந்து அடுப்படிக்குப் போனார். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து வைத்தார். அது ஆறியது. திரையில் இலக்கங்கள் ஓடிக்கொண்டே இருந்தன.

ஒரு மணிக்கு ஓட்டம் நின்றது.

"அம்பிட்டுது!" யதுஷா கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தாள். "பாருங்கோ. உங்கட புரோகிராம் ஃபைலை அறுபத்துநாலு அறுபத்துநாலு எழுத்தா வெட்டி எடுக்குது, என்ன? முதல் அறுபத்திரண்டும் என்னவாயும் இருக்கலாம். அறுபத்துமூண்டாவது கொம்பு, அறுபத்துநாலாவது மெய், அறுபத்தைஞ்சாவது அரவு. அந்த அரவு அடுத்த துண்டுக்குள்ள போயிடுது. இங்க வெறும் கொம்போட எழுத்தை முடிச்சிட்டு, அங்க தனிய நிக்கிற அரவைக் குப்பை எண்டு எறியுது. கொ எண்டு அடிச்சால் கெ எண்டு வரும். சரியா அந்த இடத்தில வந்தால் மட்டும்."

அந்த இடத்தில் வந்தால் மட்டும். அவர் நூறு தடவை பெயரை அடித்துப் பார்த்தார். உறுதியில் அதற்கு முன்னால் இருந்த காணி எல்லைகளையும், பேர்ச்சில் எழுதிய நில அளவையும் ஒரு தடவையாவது அடித்துப் பார்க்கவில்லை.

"இது ஆருக்கும் உண்மையா நடந்திருக்குமோ அண்ணா? ஒரு உதாரணம் இருந்தால் என்ர பேப்பருக்கு நல்லம்."

"நடந்தது."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் சொன்னார். பெயரையும், கோட்டு அலைச்சலையும், தாளையும், மிதுனாவையும் ஒன்றும் விடாமல் சொன்னார். யதுஷாவின் முகத்தில் இருந்த சந்தோசம் மெல்ல மெல்ல இறங்கியது.

"ஒன்பது மெயில் போட்டனான்," என்றாள். "ஒரு பதிலிலயாவது சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம்."

"எனக்கில்லை அண்ணா." மடிக்கணினியை மூடிப் பைக்குள் வைத்தாள். "அவவுக்கு."

யதுஷாவைப் பஸ் ஏற்றிவிட்டு அவர் வீட்டுக்குத் திரும்பவில்லை. ஜம்பட்டா வீதியில், ஏழு வருடமாக மிதிக்காத பக்கத்தால் நடந்தார். கடைக்குள் நாலைந்து பேர் நின்றார்கள். மிதுனா நிலத்தில் வைத்திருந்த மேசைவிசிறியை ஒரு காலால் திருப்பிக்கொண்டே யாருக்கோ விண்ணப்பப் படிவம் அடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தவள் விசிறியிலிருந்து காலை எடுத்தாள்.

"ஸ்ரனி அண்ணை. என்ன, கொப்பி எடுக்கவோ?"

"இல்லை. சிவக்கொழுந்து அம்மான்ர உறுதி ஞாபகம் இருக்கோ?"

"மறக்கேலுமோ."

"அது நீர் விட்ட பிழை இல்லை. என்ர புரோகிராம் விழுங்கினது. எந்த இடத்தில எண்டு இண்டைக்குத்தான் பிடிபட்டது." பின்னால் ஒருவர் அவரை இடித்துக்கொண்டு நின்றார். "ஆனா நீர் சரியா அடிச்சனீர் எண்டு அண்டைக்கே எனக்குத் தெரியும். தாளைப் பாத்தனான்."

"அண்டைக்கே?"

"ஓம்."

கொப்பி மெஷினின் பச்சை வெளிச்சம் அவள் கழுத்துவரை வந்து திரும்பிப் போனது.

"நான் சரியாத்தான் அடிச்சனான் எண்டு சொல்லிச் சொல்லிப் பாத்தன்," என்றாள், மெதுவாக. "ஒருத்தரும் கேக்கேல்லை. கடைசியில, நான்தான் எங்கயோ விட்டுட்டன் எண்டு நானே நம்பீட்டன். தெரியுமோ உங்களுக்கு?"



"மிஸ், என்ட ஃபோம் முடிஞ்சதா?" என்றார் பின்னால் நின்றவர். "மூணு மணிக்கு மருதானைக்குப் போவணும்."

"இந்தா, முடிஞ்சுது." ஸ்ரனிஸ்லாஸைப் பார்க்காமலே, "நில்லுங்கோ," என்றாள். அது கேட்டுக்கொண்டதா, கட்டளையா என்று தெரியவில்லை. அவர் நின்றார்.

பிரிண்டரிலிருந்து வந்த தாளை அவள் மேசையில் விரித்தாள். வந்தவரின் பெயருக்குக் கீழே சுட்டுவிரலை வைத்து, உதடு அசைய, ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தினாள். ஒவ்வொரு புள்ளியிலும் கொம்பிலும் அரவிலும் விரல் தொட்டுத் தொட்டுப் போனது. பாதி வழியில் நின்றது. சற்று நேரம் அங்கேயே அழுந்தி, நகம் வெளுத்து நின்றது. பிறகு விரலை எடுத்து, மறுபடி முதல் எழுத்தின் அடியில் வைத்தாள்.