'சிலர்' என்று எழுதியபோது

பேருந்து ஓட்டுநருக்கு விடியற்காலை நாலு மணிக்கு வேலை தொடங்கிவிடும். மதியம் வீடு திரும்பி, இரண்டிலிருந்து நாலு வரை தூங்கினால்தான் மறுநாள் கண் எரியாமல் ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியும். அந்தத் தூக்கத்துக்குத்தான் ஒரு மாதமாக யாரோ உலை வைத்துக்கொண்டிருந்தார்கள். கண் அசரும் நேரம் பார்த்து மேல்வீட்டில் 'தொம்' என்று ஒன்று விழும். சற்று அமைதி. மறுபடியும் 'தொம்'.

நேர் மேலே இருப்பவர் மருந்துக்கடைக்காரர். உடற்பயிற்சிப் பைத்தியம் என்பதால் எல்லோருக்கும் பயில்வான். அவர் வேலைதான், சந்தேகமே இல்லை.

ஒருநாள் ஓட்டுநர் பொறுக்கமாட்டாமல் எழுந்து உட்கார்ந்தார். கட்டடத்தில் குடியிருப்போருக்கென்று கைபேசியில் இருந்த குழுவில் விறுவிறுவென்று எழுதினார்: "மேலே குடியிருக்கும் சிலருக்குக் கீழேயும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற நினைப்பே கிடையாது. ஆடு மாடு தேவலை."

அனுப்பியதும் நெஞ்சு லேசானது. பத்து நிமிடத்தில் முதல் பதில் வந்தது, பயில்வானிடமிருந்தே: "நெத்தியடி அண்ணே! இப்படிச் சொன்னாத்தான் சில பேருக்கு உறைக்கும்." கூடவே கைதட்டும் படம் மூன்று.

ஓட்டுநர் அதை இரண்டு முறை படித்துப் பார்த்தார். அடுத்தது மூன்றாம் மாடி பாட்டு டீச்சர்: "மன்னிக்கவும். நாளையிலிருந்து மதிய வகுப்பு இல்லை." அதையடுத்து, பயில்வானுக்குப் பக்கத்து வீட்டிலிருக்கும் பெயிண்டரின் மனைவி: "மன்னிச்சிடுங்க அண்ணா. இவர் இப்பத்தான் நடந்து பழகுறார். இனிமே சத்தம் வராது."

பெயிண்டர், ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து மூன்று மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்தவர். ஓட்டுநருக்கு யாரோ கன்னத்தில் அறைந்தாற்போல் இருந்தது. கைபேசியை மனைவியிடம் நீட்டினார்.

"நீங்க யாரைச் சொன்னீங்க?" என்றாள்.

"பயில்வானைத்தான்."

"அவர் பேரையே காணோமே. 'சிலர்'னா யாருக்கு மனசு உறுத்துதோ அவங்க தலையில விழும். உறுத்தாதவர் கைதட்டிட்டுப் போயிட்டார், பாருங்க."

"அதுக்காகப் பேரைப் போட்டு நாலு பேர் முன்னால மானத்தை வாங்கச் சொல்றியா?"

"நாலு பேர் எதுக்குங்க? அவர் நம்பர் உங்ககிட்ட இல்லையா?"

இருந்தது. தனியாக எழுத உட்கார்ந்தார். "உங்களுக்கே தெரியும்" என்று தொடங்கினார். தெரியுமா என்று தமக்கே நிச்சயமில்லாததால் அழித்தார். நாலாவது முறை இப்படி வந்தது: "தம்பி, நான் விடியக்காலை வண்டி எடுக்கணும். மதியம் ரெண்டுலேர்ந்து நாலு வரை தூங்குவேன். அப்போ உங்க வீட்டுல கனமா ஏதோ விழற சத்தம் கேட்குது. என்னன்னு பார்க்க முடியுமா?"

"ஐயோ, அது என் டம்பெல்ஸ் அண்ணே! கீழே கேட்கும்னு சத்தியமா தெரியாது. இனி சாயங்காலம் செய்றேன்." கொஞ்சம் பொறுத்து இன்னொன்று வந்தது: "அப்போ அந்த ஆடு மாடு நான்தானா?"

"ஆமா தம்பி. அப்படி எழுதியிருக்கக் கூடாது. தப்பு என் மேலதான்."

பிறகு குழுவில் எழுதினார்: "நான் மதியம் எழுதியது கோபத்தில் எழுதியது. பாட்டு வகுப்பும் நடைப்பயிற்சியும் எனக்குத் துளியும் தொந்தரவு இல்லை. இருவரும் தயவுசெய்து நிறுத்த வேண்டாம். மன்னியுங்கள்."

டீச்சர் உடனே நன்றி சொன்னார். பெயிண்டர் வீட்டிலிருந்து பதிலே இல்லை. மறுநாள் மாலை ஓட்டுநர் படியேறினார். பெயிண்டர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். வாக்கர் மடங்கிக் கதவு மூலையில் கிடந்தது.

"நேத்துலேர்ந்து எழுந்திரிக்கவே மாட்டேங்கிறார்" என்றாள் அவர் மனைவி, தாழ்ந்த குரலில்.

ஓட்டுநர் கட்டிலருகே போனார். "அண்ணே, அது உங்களைச் சொன்னதே இல்ல. நீங்க நடக்கிறது ஒருநாள்கூட என் காதுல விழுந்ததில்ல."

பெயிண்டர் மெல்லத் திரும்பினார். "விழவே இல்லையா?"

"சத்தியமா இல்லண்ணே."

"தினம் முப்பது அடி நடக்கிறேன்யா!" அவர் முகம் சுருங்கியது. "கீழ்வீடு வரைக்கும் கேட்கிற அளவுக்கு நடந்துட்டேன்னு நேத்து உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம்கூட இருந்துச்சு."

அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பெயிண்டர் அவளை முறைத்துவிட்டு, வாக்கரை எடுத்துவரச் சொன்னார். ஓட்டுநர் அவருக்கு வழிவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றார்.