புகார் இல்லாத புத்தகம்

மறுபதிப்புக் கூட்டம் மூன்று மணி நாற்பது நிமிடம் நடந்தது. அந்த நேரம் முழுக்கப் புத்தகம் மேஜை மேல்தான் இருந்தது. யாரும் திறக்கவில்லை. முதலாளி தன் டீ கிளாஸை அதன் மேல் வைத்திருந்தார்.

வீட்டுத் தோட்டம் போடுகிறவர்களுக்கான புத்தகம். எழுதியவர் போன வருஷம் இறந்துவிட்டார். அது ஒரு சௌகரியம் என்றார் விற்பனையைப் பார்க்கும் முதலாளியின் மைத்துனர்.

நான் அங்கே பிழை திருத்துகிறவள். தாவரவியல் படித்ததால் எனக்கு ‘சயின்ஸு’ என்று பெயர். முந்தின நாள் புத்தகத்தை முழுக்கப் படித்திருந்தேன். தொண்ணூற்றொன்றாம் பக்கத்தில் ஒரு தவறு. அதை நம்பி யாராவது சமைத்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் போவார்கள். முதலாளி அச்சகத்துக்குப் போன் போடுவதற்குள் சொல்லியாக வேண்டும். முதலாளி, மைத்துனர், பக்கங்களை வடிவமைக்கும் லேஅவுட் அண்ணன், நான். அறையில் நான்கு பேர் இருந்தாலே எனக்குக் குரல் எழும்பாது.

முதல் ஒரு மணி நேரம் அட்டையின் பச்சைக்குப் போனது.

“கிளிப்பச்சை போடலாம் மாமா. தூரத்திலிருந்தே கண்ணைப் பறிக்கும்.”

“போன தடவை நீ சொன்ன பச்சையில சமையல் புத்தகம் போட்டோம். பாசி பிடிச்ச மாதிரி இருந்துச்சு மாப்ள.”

பிறகு தடிமன். புத்தகம் அலமாரியில் சாயாமல் நிற்க வேண்டுமாம். பிறகு எதிர்த் தெருப் பதிப்பகம் கள்ளிச்செடிக்குப் புத்தகம் போட்டுவிட்ட கவலை. கள்ளியை யார் வாங்குவார்கள் என்று வெகுநேரம் ஆராய்ந்தார்கள். மூவரில் ஒருவர்கூட ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றியவரில்லை.

“படிச்சவங்ககிட்ட இருந்து புகார் ஏதாவது?” என்றார் முதலாளி.

“நாலு வருஷத்துல ஒண்ணுகூட இல்ல மாமா.”

“பாத்தியா. சுத்தமான புத்தகம்.”

அதை வைத்து யாரும் எதையும் வளர்க்கவில்லை என்றும் அதற்கு அர்த்தம் இருக்கலாம்.

லேஅவுட் அண்ணன் கொட்டாவி விட்டார். “ஏதாவது மாத்தணும்னா இப்பவே சொல்லிடுங்க. பழைய ஃபைல்ல கை வெச்சா எல்லாப் பக்கமும் இடம் மாறி ஓடிடும்.”

“எதையும் தொடாதே. அப்படியே போடு.” முதலாளி போனை எடுத்தார்.

“சார்,” என்றேன்.

“அட, சயின்ஸு பேசுது!” என்றார் மைத்துனர்.

“தொண்ணூத்தொண்ணாம் பக்கம் சார். பக்கத்தைக் குறைக்க ஒரு படத்தை எடுத்திருக்காங்க. அதுக்கப்புறம் வர்ற படமெல்லாம் ஒரு இடம் முன்னால நகந்துடுச்சு. பேர் மட்டும் அங்கங்கேயே நிக்குது. களைன்னு பிடுங்கச் சொன்ன ஊமத்தை, கீரைங்கிற பேருக்கு மேல இருக்கு. அது விஷம் சார்.”

லேஅவுட் அண்ணன் மின்விசிறியைப் பார்த்தார். மைத்துனர் டீ கிளாஸை நகர்த்திவிட்டுப் புத்தகத்தைத் திறந்தார். அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

“மாமா, அக்கா மாடியில தொட்டி வெச்சிருக்கா. இந்தப் புத்தகம் வேணும்னு எத்தனை தடவை கேட்டா? ஸ்டாக் இல்லன்னீங்க. குடோன்ல அப்ப கட்டுக்கட்டா கிடந்துச்சே?”

முதலாளி போனைக் கீழே வைக்கவில்லை.

“முதல் காப்பி வந்த அன்னிக்கே பாத்துட்டேன்,” என்றார். “அவ சமைக்கிறதை நான்தானே சாப்பிடணும்.”