இருபத்தேழாவது அட்டை

அப்பாவின் மூச்சை எண்ணி நோட்டில் குறித்தாள்: மணி இரண்டு பத்து, நிமிடத்துக்கு முப்பத்திரண்டு. நேற்று இதே நேரம் இருபத்தாறு.

"போய் ஒரு டீ போட்டுட்டு வாயேன்டி," என்றாள் அம்மா.

"நீ போடும்மா."

"எனக்கு முட்டி மடங்கல. டீ போடறதுக்கும் ஈவினிங் கிளாஸ்ல சொல்லித் தரணுமா?"

அவள் அசையவில்லை. காலையிலிருந்து சமையலறைப் பக்கமே போகவில்லை. காரணத்தை அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

மாலை வகுப்பில் நாவல் எழுதச் சொல்லித்தரும் ஆசிரியை சொல்லியிருந்தார்: காட்சிகள் வரிசையாக வராது, தோன்றியதை ஓர் அட்டையில் எழுதிப் போட்டுவையுங்கள். சொன்னபடியே செய்தாள். செருப்புப் பெட்டி ஒன்றில் நாற்பத்தொரு அட்டைகள் சேர்ந்தன. முதலில் வந்தது முடிவுதான். போன வருடம், லிஃப்ட் மெக்கானிக்கான அப்பா மாடி மாடியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்த நாளில் எழுதியது. 'மகள் டீ போடப் போகிறாள். திரும்பி வரும்போது அப்பா இல்லை.' நன்றாக வந்திருக்கிறது என்று அன்று சந்தோஷப்பட்டாள். பிறகு எழுதியவற்றில் இருமல் வந்தது, எக்ஸ்ரே வந்தது, வாடகைக் கட்டில் வந்தது. சில மாதங்களில் அவை ஒவ்வொன்றாக வீட்டுக்குள்ளும் வந்தன. கட்டிலை இறக்கிய அன்று அந்த முதல் அட்டையைக் கிழித்துவிடத் தேடினாள். பெட்டியையே காணவில்லை.

"எழுத்தாளரம்மா." அப்பா கண் திறந்திருந்தார். "உன் பெட்டி என் டூல்ஸ் பையில இருக்கு."

"படிச்சீங்களாப்பா?"

"லிஃப்டைக் கழட்டிப் போட்ட மாதிரி கெடந்துது." மூச்சு வாங்கினார். "கழட்டினா நம்பர் ஒட்டணும்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்? நானே ஒட்டிட்டேன்."

"எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும்."

ஆக்சிஜன் மெஷின் இரைந்துகொண்டிருந்தது.

"இப்பப் போய் டீ போடு."

"வேணாம்பா."

"எனக்கு வேணும்டா. சக்கரை தூக்கலா."

இரண்டு நாளாக அவருக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை. அம்மா அவளைப் பார்த்தாள். பிறகு குனிந்து அப்பாவின் பாதத்தின் மேல் போர்வையை இழுத்துவிட்டாள்.

அவள் எழுந்து போனாள். பால் பொங்க நேரமானது. அடுப்பைக் குறைத்துக் காது கொடுத்துக் கேட்டாள். மெஷின் சத்தம் மட்டும்தான் வந்தது.

மூன்று டம்ளர்களோடு திரும்பியபோது அம்மா இரண்டு கைகளாலும் அந்தப் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அத நிறுத்துடி," என்றாள், மெஷினைப் பார்க்காமல்.

நிறுத்தினாள். மணி பார்க்கவில்லை. நோட்டையும் எடுக்கவில்லை.

கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்தாள். ஒவ்வொரு அட்டையின் மூலையிலும் மஞ்சள் டேப், அதன் மேல் அப்பாவின் கோணல் எண்கள். கடைசியிலிருந்து தேடினாள். நாற்பத்தொன்றில் அந்த டீ காட்சி இல்லை. நாற்பதில் இல்லை. இருபத்தேழில் இருந்தது.

இருபத்தெட்டைத் திருப்பினாள். 'மகள் வகுப்புக்குத் தாமதமாகப் போகிறாள். குடையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.'

ஸ்டூலின் மேல் மூன்றாவது டம்ளரில் ஆடை படிந்துகொண்டிருந்தது. சர்க்கரை தூக்கலாகப் போட்டது அதில்தான்.