வலை பிடிக்க ஒரு ஆள்

வடக்கு விஸ்கான்சின் ஏரியில் பனிக்கட்டி உருகிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. மஸ்கி மீன் பிடிக்க அனுமதிக்கும் பருவம் தொடங்க இன்னும் மூன்று வாரம். அதுவரை மனைவி வெர்னா உயிரோடு இருப்பாளா என்பதுதான் ஆர்லினின் கவலை. டாக்டர் கையை விரித்துவிட்டார்.

முப்பது வருஷமாகப் புருஷன் பெண்டாட்டிக்குள் எந்தப் படகு வாங்குவது என்று ஒரே சண்டை. அவருக்குப் பாஸ் மீன். அதற்குப் பக்கம் தாழ்ந்த படகு போதும், ஒற்றை ஆளாகப் போய் வரலாம். அவளுக்கு மஸ்கி. ஆயிரம் தடவை தூண்டிலை வீசினால் ஒன்று மாட்டும். இடுப்புயரம், வாய் நிறையப் பல். ஒருவர் தூண்டிலை இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் கைவலையோடு அதே பக்கம் குனிய வேண்டும். அதற்கு ஆழமும் அகலமுமான படகு வேண்டும். இரண்டுக்கும் தோதாக ஒன்று வாங்கலாம் என்று சொல்லிச் சொல்லியே ஓட்டைப் படகில் காலத்தை ஓட்டிவிட்டார்கள்.

"ரெண்டுக்கும் இதுதான் சரி," என்றான் படகு விற்கும் கர்ட், ஏரி நடுவில் புது அகலப் படகின் இன்ஜினை நிறுத்தி.

படகு வாங்குகிறவர்கள் செய்து பார்ப்பதுபோல ஆர்லினும் வெர்னாவும் ஒரே பக்கம் விளிம்போரம் போய் நின்றார்கள். படகு அசைந்துகூடக் கொடுக்கவில்லை.

"பாத்தீங்களா! கல்லு மாதிரி நிக்குது." கர்ட்டுக்கு வாயெல்லாம் பல்.

பழைய படகில் வெர்னா காலை வைத்தாலே ஒரு பக்கம் சாயும். "வந்துட்டாடா பெரிய மஸ்கி" என்று ஆர்லின் கிண்டல் செய்து துடுப்பால் அடி வாங்குவார். இப்போது இளைத்துப்போன அவள் நிற்பதே படகுக்குத் தெரியவில்லை.

"இது வேணாம். தாழ்ந்த படகையே வாங்கு," என்றாள் வெர்னா.

"முப்பது வருஷம் அதைத் திட்டுன வாயா இது?"

"மண்டு. தவறி விழுந்தா நீ தனியா ஏறணும்ல? மஸ்கிக்கு வலை பிடிக்க உனக்கு யாரு இருக்கா?"

கர்ட் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். ஆர்லின் சண்டையில் ஜெயித்துவிட்டார். அப்படி ஒரு ஜெயிப்பு எதிரிக்கும் வரவேண்டாம்.

கரைக்கு வந்ததும் அந்த அகலப் படகுக்கே கையெழுத்துப் போட்டார். "இருக்கறதிலயே பெரிய கைவலை ஒண்ணும் குடு கர்ட்."

"கிறுக்குப் பிடிச்சிருக்கா உனக்கு?" என்றாள் வெர்னா.

"மூணு வாரம் இரு வெர்னா," என்றார்.

அவள் வலையின் பிடியை வாங்கித் தூக்கப் பார்த்தாள். வளையம் தரையைவிட்டு எழும்பவே இல்லை.

"கனமே இல்லையே," என்றாள்.