பதினாலாம் நம்பர் ஆள்

ஆராய்ச்சி என்ற சொல்லைக் கேட்டாலே வள்ளித்தாய்க்கு உதடு ஒரு பக்கம் கோணிக்கொள்ளும். ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் காளிராஜின் பட்டாசுக் கம்பெனி வாசலில் நின்று, உள்ளே போகிறவர்களின் மடியையும் பையையும் தடவிப் பார்ப்பது அவள் வேலை. இருபத்தொரு வருஷமாக அதைத்தான் செய்கிறாள். தீப்பெட்டி, பீடி, செல்போன், ஊக்கு, கொண்டை ஊசி எதுவும் அவள் கையைத் தாண்டி உள்ளே போனதில்லை. யார் எதை எங்கே ஒளிப்பார்கள் என்று தெரிந்த ஒருத்திக்கு உலகத்தின் மேல் பெரிய மரியாதை இருக்க முடியாது. முதலாளி சாமி கும்பிட்டுக்கொண்டு நிற்கும்போதுகூட அவள் கண் அவருடைய சட்டைப்பை மேல்தான் இருக்கும்.

மருந்து ரூம் என்று எல்லோரும் சொல்லும் வெடிமருந்துக் கலவை அறைக்குள் போகிறவர்கள் இடுப்பில் தொங்கும் வீட்டுச் சாவியைக்கூட அவளிடம் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டை வெறுங்காலால் மிதித்து, உடம்பில் இருக்கும் மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கிவிட்டு, அப்புறம்தான் உள்ளே கால் வைக்கலாம். ஓர் இரும்பு உரசினால் என்ன ஆகும் என்று வள்ளித்தாய்க்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. அச்சங்குளத்துப் பக்கம் நடந்த வெடி விபத்தில் அப்படிப் போய்ச் சேர்ந்தவர்களில் இரண்டு பேரை அவளுக்குப் பெயர் சொல்லித் தெரியும்.

அந்தக் கம்பெனி வாசலில்தான் போன தை மாதம் இரண்டு காரில் ஆராய்ச்சி வந்து இறங்கியது. மருத்துவத்துக்கு இரண்டு பேர். தண்ணீரும் மண்ணும் அள்ள இரண்டு பேர். வெடிமருந்தோடு கலந்தால் தூசி பறக்காமல் அமுக்கிவிடுமாம், அப்படி ஒரு புதுப் பொடியைச் சோதித்துப் பார்க்க ஒருத்தி. அந்த ஒருத்தி காளிராஜின் மகள் அனுப்பிரியா. வெளியூரில் பொருளறிவியல் படித்து, டாக்டர் பட்டத்துக்குப் பொடி கண்டுபிடித்து, அதை அப்பா கம்பெனியிலேயே போட்டுப் பார்க்க வந்திருந்தாள். தான் எழுதிய பரீட்சையைத் தன் வீட்டிலேயே வைத்துத் திருத்திக்கொள்கிற கூத்து என்று வள்ளித்தாய் முதல் நாளே கம்பெனி வேனில் சொல்லிவிட்டாள்.

தண்ணீர்க்காரர்கள் கம்பெனிக்குப் பின்னாலிருக்கும் கண்மாய் நிரம்பி வழிந்து மறுகால் பாய்ந்த வாரத்தில் வந்து பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார்கள். சித்திரையில் வந்திருந்தால், மிச்சமிருக்கும் குட்டையில் மாடு வாய் வைக்காமல் திரும்பிப் போவதைப் பார்த்திருக்கலாம். ஆனால் சித்திரையில் வெயில் அடிக்குமே, படித்தவர்கள் கறுத்துப்போவார்களே. மருத்துவக்காரர்கள் ஒரு மிஷினைக் கொண்டுவந்து வைத்து ஒவ்வொருவரையும் ஊதச் சொன்னார்கள். "ஊதுங்க, ஊதுங்க, இன்னும் ஊதுங்க" என்று அவர்கள் கத்தியது மருந்து ரூம் வரைக்கும் கேட்டது.

அந்த மிஷினை மட்டும் வள்ளித்தாய் கொஞ்சம் மதித்தாள். காரணம் இருந்தது. அவள் புருஷன் முனியசாமி பத்தொன்பது வருஷமாக மருந்து ரூமில் கலவை போடுகிறவர். இப்போதெல்லாம் வேன் இறக்கிவிடும் பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடு வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறார். சாத்தூர் டாக்டர், இன்னும் ஒரு வருஷம் அந்தத் தூசிக்குள் இருந்தால் அப்புறம் தன்னிடம் வரவேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். லேபிள் ஒட்டும் ஷெட்டுக்கு அவரை மாற்றிவிடச் சொல்லி வள்ளித்தாய் முதலாளியிடம் போய் நின்றாள்.

"ஆராய்ச்சி நடக்குதுல்ல. தூசியாலதான்னு முடிவு வரட்டும், மறுநாளே மாத்திப்புடுறேன். எம் மக பேருல சொல்றேன்" என்றார் காளிராஜ். கைதேர்ந்த கலவைக்காரரை சீசனுக்கு முன்னால் விடுவதற்கு அவருக்கு மனசில்லை. அதற்கு ஒரு சாக்கு வேண்டும், ஆராய்ச்சி வாகாக அமைந்தது.

மறுநாள் அனுப்பிரியா மருந்து ரூம் ஆட்களையும் மருந்து அடைக்கிறவர்களையும் நிறுத்தி வைத்து, ஆளுக்கொரு பேட்ஜ் கொடுத்தாள். பதினெட்டு பேர், பதினெட்டு நம்பர். முனியசாமிக்குப் பதினாலு. உள்ளங்கை அகலத்தில் பளபளவென்று ஒரு வில்லை, நடுவில் வெள்ளைக் காகிதம். புதுப் பொடி போட்டுக் கலக்கும் பதினாலு நாளும் வேலை நேரம் முழுக்க நெஞ்சில் மாட்டியிருக்க வேண்டும், யார் எவ்வளவு தூசியை மூச்சில் இழுக்கிறார்கள் என்று அது சொல்லும். அப்புறம் அவள் "நான்-மெட்டாலிக், பாஸிவ் டைப், ஆன்டி-ஸ்டாட்டிக் மெட்டீரியல்" என்று எதையோ விளக்கினாள். வள்ளித்தாய் அந்த நேரத்தில் அவள் கால் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டாசுக் கம்பெனிக்கு யாராவது இப்படிக் குதிகால் வைத்த செருப்பு போட்டு வருவார்களா?

விளக்கம் முடிந்து அனுப்பிரியா ஆபீஸுக்குப் போனாள். மருந்து ரூம் பக்கம் மகளை அனுப்ப காளிராஜுக்குப் பயம். மற்றவர் பிள்ளைகள் போகலாம். பதினெட்டு பேரும் மருந்து ரூம் வாசலுக்கு வந்தார்கள்.

"கழத்துங்க" என்றாள் வள்ளித்தாய்.

"ஏ, பாப்பா குடுத்ததுக்கா" என்றார் ஃபோர்மேன் செந்தூர்பாண்டி.

"சாமியே எறங்கி வந்து குடுத்தாலும் பளபளன்னு இருக்கது உள்ள போகாது. பேட்டரி இருக்கா, தகரம் இருக்கா, எவன் கண்டான்? வெடிச்சா அந்தப் பாப்பாவா வந்து பொறுக்கும்?"

செந்தூர்பாண்டி ஒதுங்கி வழிவிட்டார். அவள் பதினெட்டையும் வாங்கி ஒரு மஞ்சப்பையில் போட்டு, சட்டையும் சாப்பாட்டுப் பையும் தொங்கும் வேப்பமரத்தில் மாட்டினாள். சாயங்காலம் வேன் ஏறுமுன் அவரவர் நம்பரை அவரவர் சட்டையில் அவளே மாட்டிவிட்டாள். பதினாலு நாளும் இதே கதைதான். பதினைந்தாம் நாள் அனுப்பிரியா கையில் உறை போட்டுக்கொண்டு, குழந்தையைத் தூக்குகிற மாதிரி ஒவ்வொன்றாக எடுத்துக் கவரில் போட்டாள். அன்றைக்கு வேனில் வள்ளித்தாய் அதை நடித்துக் காட்டினாள். சிரித்துச் சிரித்து முனியசாமிக்கு இருமல் வந்து, வேனை ஓரமாக நிறுத்த வேண்டியதாயிற்று.

அவள் அதை யாரிடமும் மறைக்கவில்லை. சொல்லத் தோன்றவில்லை, அவ்வளவுதான். மருந்து ரூமில் தூசி இருக்கிறதா என்று பார்க்க பேட்ஜ் எதற்கு, கண் எதற்கு இருக்கிறது? சாயங்காலம் ரூமிலிருந்து வருகிறவர்களின் புருவத்தைப் பார்த்தால் போதாதா? முனியசாமி துப்பினால் துப்பலே சாம்பல் நிறத்தில் விழும். ஊதுகிற மிஷின் உண்மையைச் சொல்லிவிடும் என்று அவள் நம்பினாள். மற்றது பிள்ளை விளையாட்டு.

ஆடி பிறந்ததும் முடிவு வந்தது. புது லேபிள் ஷெட்டில் நாற்காலி போட்டு, திரை கட்டி, இரண்டு அதிகாரிகளைக் கூட்டிவந்து, எல்லோருக்கும் பாதாம் பால் கொடுத்து விழாவாகவே நடத்தினார் காளிராஜ். தண்ணீரில் ஒன்றும் கெடுதல் இல்லை. கைதட்டல். புதுப் பொடி போட்டதால் நெஞ்சுக்கு வரும் தூசி மற்ற கம்பெனிகளில் அளந்ததைவிட நூற்றுக்கு எண்பத்திரண்டு பங்கு குறைந்திருக்கிறது. பெரிய கைதட்டல். கலவை அறை ஆட்களின் நுரையீரலில் கவலைப்படும்படி எதுவும் இல்லை. வெளிநாட்டுப் பத்திரிகையில் கட்டுரை அச்சாகிவிட்டது. காளிராஜ் தன் பங்குக்கு 'தூசி குறைந்த பட்டாசு' என்று நாலு கலரில் லேபிளே அடித்துவிட்டார். சிவகாசியில் அச்சுக்கென்ன பஞ்சம்.

பிறகு அவர் மேடையிலிருந்து இறங்கி, முன்வரிசை ஓரத்தில் நின்ற வள்ளித்தாயிடம் வந்தார். நாலு பேர் கேட்கட்டும் என்றுதான் பேசினார்.

"பாத்தியா வள்ளித்தாய்? ரூமுல தூசியே இல்ல. முனியசாமிக்கு இருக்கது பீடி இருமல். நிப்பாட்டச் சொல்லு, சரியாப் போகும்."

"பீடியா? யாரு சொன்னது?"

"ஆராய்ச்சி சொல்லுது."

"அவுக மடியத் தெனமும் தடவி உள்ள விடுறவ நானு. வீட்டுலயும் நாந்தான் இருக்கேன். ஒரு துண்டு பீடிய எங்கிட்ட இருந்து ஒளிக்க அவுகளுக்குச் சாமர்த்தியம் பத்துமா?" பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. அவளுக்கு ஊக்கம் வந்துவிட்டது. அதிகாரிகள் பக்கம் திரும்பிக்கொண்டாள். "தூசி கொறஞ்சுச்சுன்னு கை தட்டுனீகளே, எங்கன கொறஞ்சுச்சுன்னு கேட்டீகளா? அந்த பேட்ஜு ஒண்ணுகூட ரூமுக்குள்ள போகல. பதினாலு நாளும் மஞ்சப்பையில வேப்பமரத்துல தொங்குச்சு. நாந்தான் தொங்கவிட்டேன். வேப்பமரத்தடியில தூசி கம்மின்னு கண்டுபிடிக்க அம்புட்டுப் படிப்பு படிக்கணுமா?"

ஷெட்டே சிரித்தது. ஒரு அதிகாரி பாதாம் பால் புரையேறி இருமினார். காளிராஜின் முகம் போன போக்கைப் பார்க்க வள்ளித்தாய்க்கு இரண்டு கண் போதவில்லை. இருபத்தொரு வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததில்லை.

அனுப்பிரியா மட்டும் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. மேடையை விட்டு இறங்கி வள்ளித்தாய்க்கு முன்னால் வந்து நின்றாள்.

"எல்லாத்தையுமாக்கா தொங்கவிட்டீங்க?"

"பதினெட்டையும்."

"அதுல இரும்பு இல்லக்கா. பேட்டரியும் இல்ல. மருந்து ரூமுக்குள்ள போறதுக்குன்னே செஞ்சது. உரசினாக்கூட ஒண்ணும் ஆகாது. முதல் நாளே சொன்னேனே."

"என்ன பாசையில சொன்ன தாயி?"

 அதற்கும் சிரிப்பு எழுந்தது. வள்ளித்தாய் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"பதினாலாம் நம்பர்..." என்று அனுப்பிரியா மெதுவாக ஆரம்பித்தாள். "ஊதுற டெஸ்டுல பதினெட்டு பேர்லயும் அவருக்குத்தான் ரொம்ப மோசம். டாக்டருங்களே பயந்தாங்க. ஆனா அவர் பேட்ஜுல தூசியே இல்ல. தூசியே படாத ஆளுக்கு நுரையீரல் இப்படி ஆகாது, வேற கெட்ட பழக்கம் இருக்கும்னு முடிவு பண்ணி அவரைக் கணக்குல இருந்து எடுத்துட்டோம். கட்டுரையில அவர் இல்ல."

வள்ளித்தாயின் கை இடுப்பிலிருந்து நழுவியது. மிஷின் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. தை மாதமே சொல்லிவிட்டது. அதை நம்பவிடாமல் செய்தது அவள் மாட்டிய மஞ்சப்பை. பதினாலு நாள், பதினாலு சாயங்காலம், தன் புருஷன் நெஞ்சில் தூசியில்லாத பொய்யை மாட்டிவிட்டது அவளே. தை, மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி என்று ஆறு மாதம் அவர் அந்த ரூமுக்குள் போய் வந்திருக்கிறார். ஊரில் உள்ள அத்தனை பேரையும் எள்ளி நகையாடியவள் அவள். தன்னைப் போல ஒரு மடச்சி இந்தப் பூமியில் இருக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது. காலில் கிடக்கும் செருப்பைக் கழற்றித் தன்னையே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அனுப்பிரியா திரும்பிப் போய் மைக்கைப் பிடித்தாள். காளிராஜ், "அனு, எறங்கு. வீட்டுல பேசிக்கிடலாம்" என்று கையைக் காட்டினார். அவள் இறங்கவில்லை.

"தூசி பத்தி இப்ப வாசிச்ச முடிவு தப்பு. நான் ஒரு நாள்கூட அந்த ரூமுக்குப் போய்ப் பாக்கல. பொடி நல்லதா கெட்டதான்னு எனக்கே இப்பத் தெரியாது. கட்டுரையை வாபஸ் வாங்குறேன்." அப்பா பக்கம் திரும்பாமல் தொடர்ந்தாள். "பதினாலாம் நம்பருக்கு மூச்சோட அளவு நூத்துக்கு நாப்பத்தொண்ணுதான் இருக்கு. அது யாரா இருந்தாலும் நாளையில இருந்து அந்த ரூமுக்குள்ள போகக் கூடாது."

அதிகாரிகளில் மூத்தவர் காளிராஜைப் பார்த்தார். காளிராஜ் உடனே இரண்டு கையையும் கூப்பி, "இப்பவே மாத்தியாச்சு சார். லேபிள் செக்சன். தொழிலாளிதான் நமக்கு எல்லாம்" என்றார். வேறு சமயமாக இருந்தால் அந்தக் கும்பிடுக்கு வள்ளித்தாயிடம் ஒரு வார்த்தை இருந்திருக்கும். எதைக் கேட்டு முதலாளியிடம் போய் நின்றாளோ அது கிடைத்துவிட்டது. அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பின்வரிசையிலிருந்து முனியசாமி எழுந்து வந்தார். நடுவில் ஒரு நாற்காலி முதுகைப் பிடித்து நின்றார், மறுபடி நடந்தார். முகத்தில் பயம் ஒன்றும் இல்லை. எல்லோரும் தன்னைப் பார்ப்பதில் ஒரு கூச்சம்தான் இருந்தது.

"ஏ வள்ளி, பதினாலு நாந்தான?"

"ஆமா."

"நாப்பத்தொண்ணுன்னு சொல்லுச்சே அந்தப் பிள்ள." அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு சின்னச் சிரிப்போடு கேட்டார். "முப்பத்தஞ்சு எடுத்தா பாஸுதான?"

வள்ளித்தாய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தாள். அவருடைய முதுகில் கையை வைத்தாள். உள்ளே கரகரவென்று ஓடுவது உள்ளங்கையில் தெரிந்தது.

"பாஸுதான்" என்றாள். "பேசாம இருங்க."