இரண்டாவது டம்ளர்

ரெனிதாவுக்குப் பசியே கிடையாது என்று நம்பியிருந்தேன். ராத்திரியில் இரண்டு தோசை சாப்பிடுவாள். மூன்றாவதைப் போட்டால், "போதும் மேக்ஸு, நீ துன்னு" என்று என் தட்டுக்குத் தள்ளிவிடுவாள். அவளுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை, எனக்கு ஆவடி டிஃபென்ஸ் ஃபேக்டரியில். குவார்ட்டர்ஸில் நாங்கள் இருவர்தான். போன வருஷம் மார்ச்சில் தலைவலி என்று படுத்தவளுக்கு மூளையில் ரத்தக்கசிவு. ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு திரும்பவில்லை.

மழைக்காலம் முடிந்த பிறகு அவளுடைய ஆபீஸ் தோழி மோகனப்பிரியா வந்தாள். ரெனிதாவின் டிராயரில் கிடந்த சாமான்களை ஒரு துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். ஸ்வெட்டர், ஜெபமாலை, மிளகாய்த்தூள் கலந்த உப்பு ஒரு சின்ன டப்பாவில்.

"உப்பு எதுக்கு?" என்றேன்.

"மாங்கா, கொய்யா, வண்டியில இன்னா வந்தாலும் ரெனிக்கு இது வேணும்ண்ணா. நாங்க ரெண்டு பேரும் சாப்பிடற கடைங்கள்ல எல்லாம் கேக்கறாங்க, எங்க அவங்கன்னு. தனியா போய்ச் சொல்ல எனக்குத் தெம்பு இல்ல. நீங்களும் வரீங்களா?"

ரெனி. நான் அவளை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் போனோம். அவள் ஸ்கூட்டரில் முன்னால், நான் பைக்கில் பின்னால். அம்பத்தூர் ஸ்டேஷன் பக்கம் பர்மா அத்தோ போடுகிற வண்டிக்காரர் விஷயத்தைக் கேட்டதும் நூடுல்ஸைப் பிசைந்த கையை அப்படியே நிறுத்திவிட்டார். பிறகு எனக்கு ஒரு தட்டு கலந்து கொடுத்தார். "அவங்க சாப்ட்ற மாதிரி போட்டுக்கீறேன் சார். வறுத்த பூண்டு தூக்கலா." ஒரு வாயில் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. காரத்தினால்தான்.

முத்தாபுதுப்பேட்டையில் வேம்புலியம்மாள் மீன் வறுக்கும் இடம் எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து கூப்பிடு தூரம். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"நீதான் அது ஊட்டுக்காரனா?" என்று அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஒருநாளாவது இட்டாந்திருக்கலாம்ல? நெத்திலி ரெண்டு தட்டு உள்ள போவும் அதுக்கு. அடியில கெடக்கற மசாலாத் தூளக்கூட வுடாது, வழிச்சி நக்கிக்கினு போவும். கண்ணு பட்டுச்சோ இன்னாவோ."

"ஊட்ல சரியா சாப்பிட மாட்டா" என்றேன்.

"யாரு, ரெனியா?" வேம்புலியம்மாள் மோகனப்பிரியாவைப் பார்த்துச் சிரித்தாள். மோகனப்பிரியாவும் சிரித்தாள். நான் மட்டும் சிரிக்கவில்லை.

ரெனிதா ஒரு ஆணோடு சுற்றியிருந்தால் அந்தக் கோபத்துக்கு ஒரு பெயர் இருந்திருக்கும், ஊரே என் பக்கம் நின்றிருக்கும். வறுத்த மீனைப் பங்கு போட்டுத் தின்ற தோழி மேல் ஒருவன் எப்படிப் பொறாமைப்படுவது? ஆனால் பட்டேன். பாரிவாக்கத்துக்குப் போகும் வழியில் இருந்த பாய் கடையில் அது உச்சத்துக்குப் போனது.

"இங்க அவ குஸ்காதாண்ணா வாங்குவா. கறி வேணாம்னு பெருசா சொல்லிட்டு, அப்புறம் என் தட்டுலேர்ந்து பீஸ எடுத்துக்குவா. திருடி!"

என் தட்டிலிருந்து அவள் ஒரு கறிவேப்பிலைகூட எடுத்ததில்லை என்று நினைத்துக்கொண்டேன். அங்கேயே, கல்லாவில் இருந்த பாயிடம், வருஷ நினைவுக்கு ஒரு அண்டா மட்டன் பிரியாணி வேண்டும் என்று சொல்லிவிட்டேன். மோகனப்பிரியா காதில் விழும்படி சத்தமாகவே சொன்னேன். ரெனிதாவுக்குப் பிடித்தது எனக்கும் தெரியும் என்று ஆகட்டும்.

அந்த நாள் வந்தது. சாயங்காலம் பூசை, பிறகு வீட்டில் சாப்பாடு. மதியமே வந்துவிட்ட என் அக்கா சகாயமேரி, அண்டாவின் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு டப்பென்று மூடினாள்.

"டேய் மேக்ஸு, இன்னிக்கி இன்னா கெழம?"

"வெள்ளி."

"இன்னா மாசம்?"

அப்போதுதான் உறைத்தது. தவக்காலத்து வெள்ளிக்கிழமை. சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டவன்தான் நான். சின்ன வயதிலிருந்து இந்த வெள்ளிகளில் கறி தொட்டதில்லை.

"வர்றது பூரா நம்ம கோயில் ஜனம். ஃபாதர் வேற வராரு. பூசை முடிச்சிட்டு வர்றவங்களுக்கு மட்டனா போடுவ? பொண்டாட்டி நெனப்புல கெழமகூட மறந்துட்டான்னு நான் சொல்லிக்கிறேன். நவுரு."

பிரியாணி அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் ரெனிதாவின் ஆபீஸ்காரர்களுக்கும் என்று ஆனது. கோயில் ஜனத்துக்கு அக்கா பெரிய பாத்திரத்தில் கஞ்சி வைத்தாள். பச்சரிசி, பாசிப்பருப்பு, தேங்காய்ப்பால், தொட்டுக்கொள்ளத் துவையல். பெரிய வெள்ளியன்று கோயிலில் ஊற்றுவார்களே, அதே கஞ்சி.

ஆக, நான் ஏற்பாடு செய்த விருந்தை மோகனப்பிரியா ரசித்துச் சாப்பிட்டாள். அது என்ன ருசி என்று எனக்குத் தெரியாது. நான் டம்ளரோடு நின்றேன்.

கை கழுவிவிட்டு அவள் பக்கத்தில் வந்தாள். "அண்ணா, ரெனிக்கு இந்தக் கஞ்சி புடிக்குமா? எங்கிட்ட சொன்னதே இல்ல."

அவளுக்குத் தெரியாத ஒன்று.

வருஷா வருஷம் பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதை முடிந்ததும் கோயில் வளாகத்து வேப்பமரத்தடியில் கஞ்சி வாங்கிக்கொண்டு உட்காருவோம். ரெனிதா தன்னுடையதை ஒரே மூச்சில் குடித்துவிடுவாள். பிறகு என் டம்ளரை எடுத்துக்கொள்வாள். பிறகு முந்தானையில் வாயைத் துடைத்துக்கொண்டு காதோடு சொல்வாள்: "இன்னொண்ணு வாங்கினு வா மேக்ஸு. நான் போனா, ஒருசந்தி நாள்ல பொம்பள ரெண்டாவது வாட்டி வந்துட்டாம்பாங்க." நான் போய் வரிசையில் நிற்பேன். அங்கே கஞ்சி ஊற்றும் என் அக்கா கரண்டியோடு எல்லாருக்கும் கேட்கச் சொல்வாள்: "பாருங்கடி, உபவாசம்னாதான் எந்தம்பிக்கு வயிறு தொறக்கும்." ஜனம் சிரிக்கும். மரத்தடியில் ரெனிதா தலையைக் குனிந்து, யாரோ ஒருத்தி மாதிரி, ஜெபமாலை உருட்டிக்கொண்டிருப்பாள்.

கேவலம் கஞ்சி என்று இதை நான் கணக்கிலேயே வைக்கவில்லை.

மோகனப்பிரியா இன்னும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னால் கண் கலங்குவாள், சிரிப்பாள், முத்தாபுதுப்பேட்டைக்குப் போய் வேம்புலியம்மாளிடமும் சொல்வாள்.

"சும்மா, எல்லாரும் குடிக்கிறாங்கன்னு குடிப்பா" என்றேன்.

காலி டம்ளரை எடுத்துக்கொண்டு பாத்திரத்தருகே போனேன். அக்கா கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாடா, ரெண்டாவதா?"

"ஊத்துக்கா."

"பாத்தீங்களா ஃபாதர்? பொண்டாட்டி வருஷத்தன்னிக்கும் இவனுக்குப் பசி அடங்கல."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டம்ளரை நிறைய வாங்கிக்கொண்டேன்.